ஏழே மாதத்தில் கருகிய பிளேட்

எஸ்டேட் ஒர்க்‌ஷாப்பில் சுவிசேஷமுத்துவுக்குப் பத்தொன்பது வருஷம். அரவேணுவுக்குக் கீழே இருந்த அந்தத் தோட்டத்தில் அவர் கைபடாத வண்டி கிடையாது. தேயிலை விலை விழுந்து, பேக்டரியில் பாதியைப் பூட்டிப்போட்டிருந்த இரண்டாயிரமாம் வருஷம் ஜூலையில், மேனேஜரின் அம்பாசிடரை டிரைவர் கருப்புசாமி கொண்டுவந்து நிறுத்தினான்.

"எஞ்சின் கத்துதுங்கண்ணா, வண்டி மேடேற மாட்டேங்குது. சாயங்காலத்துக்குள்ள வேணும்னு தொரை சொல்லீட்டாரு."

சுவிசேஷமுத்து கிளட்ச் பெடலை மிதித்து விட்டுப் பார்த்தார். முக்கால்வாசி மேலே வந்த பிறகுதான் பிடித்தது. சக்கரத்துக்குக் கல் வைத்து, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, டாப் கியர் போட்டுக் கிளட்சை மெல்ல விட்டார். நல்ல கிளட்ச் என்றால் எஞ்சின் திணறி அணைய வேண்டும். இது அணையாமல் உறுமியது. கருகல் வாடை எழுந்தது.

ஆயில் கசிந்திருக்கும் என்று நினைத்துக் கியர்பாக்ஸை இறக்கினார். உள்ளே ஒரு சொட்டு ஆயில் இல்லை. கிளட்ச் பிளேட் மட்டும் ரிவெட் ஆணி வரைக்கும் தேய்ந்து கருகியிருந்தது. கிறிஸ்துமஸுக்கு முன் அவரே மாட்டிய புதுப் பிளேட். பங்களாவுக்கும் ஆபீசுக்கும் போய்வரும் வண்டிக்கு நாலு வருஷம் தாங்கும். குனிந்து பார்த்தார். பின்பக்க ஸ்பிரிங் பட்டைகள் பாரம் ஏற்றிப் படிந்துபோயிருந்தன.

"என்னத்தப்பா ஏத்துன?"

கருப்புசாமி அவர் முகத்தைப் பார்க்கவில்லை. "பேக்டரி மோட்டாருங்கண்ணா. பூட்டுன ரூம்ல இருந்து, ஒவ்வொண்ணா டிக்கியில வெச்சு. பேக்டரி மேட்டுல கிளட்ச்ச அரைகுறையா மிதிச்சுத்தான் ஏத்த முடிஞ்சுது. வெளிய சொன்னா வேலை போயிரும்னாரு."

"மோட்டாரே போன பொறகு எந்த வேலை, கருப்புசாமி?"

கியர்பாக்ஸைத் தரையிலேயே போட்டுவிட்டுக் கொழுந்துக் காட்டுக்கு நடந்தார். மனைவி தபித்தாளிடம் சொன்னபோது அவள் கை செடிமேல் அப்படியே நின்றது.

"ஏனுங்க, அப்படீன்னா நம்ம ஊடு?"

எஸ்டேட் கொடுத்த லைன் வீடு அது.

சேதி பரவி, மத்தியானம் தோட்டத்து ஆட்கள் நாற்பது பேர் போய்ப் பேக்டரிப் பூட்டை உடைத்தார்கள். சிமெண்டுத் தரையில் மோட்டார்களை இறுக்கியிருந்த போல்ட்டுகள் மட்டும் துருத்திக்கொண்டிருந்தன. பங்களாவுக்கு ஓடினார்கள். மேனேஜர் வாடகை ஜீப் பிடித்து மேட்டுப்பாளையம் இறங்கி ஒரு மணி நேரமாகியிருந்தது.

திங்கட்கிழமை பேக்டரிச் சங்கு ஊதவில்லை. பழக்கத்தில் எல்லாரும் மழையில் வந்து நின்றார்கள். பேர் கூப்பிட ஆளில்லை.

சுவிசேஷமுத்து அரவேணு ரோட்டோரம் தகரம் அடித்து மெக்கானிக் கடை போட்டார். கருப்புசாமி போலீசில் உள்ளதை உள்ளபடி சொன்னான். அதற்கு ஒன்பதாம் நாள் காலை அவன் வீட்டுக் கதவு திறந்து கிடந்தது. அடுப்பில் உலை வைத்தபடி இருந்தது. அவனைக் காணவில்லை.