இறுதிப் போட்டிக்காக மாற்றிய ஷிப்ட்

ஓசூரில் எங்கள் தொழிற்சாலையில் செல்போனை வாசலிலேயே வாங்கி வைத்துக்கொள்வார்கள். செகண்ட் ஷிப்டில் இருந்ததால், அந்த வருடக் களிமண் தரை டென்னிஸ் தொடரில் எனக்குப் பிடித்த வீராங்கனை வென்ற எந்த ஆட்டத்தையும் நான் பார்க்கவில்லை. கம்பெனி பஸ்ஸில் திரும்பும்போது முடிவை மட்டும் படித்தேன். இறுதிப் போட்டியையாவது பார்க்கலாமென்று, சக ஊழியரின் ஞாயிறு வேலையை நான் ஏற்று, என் சனிக்கிழமை ஷிப்டை அவரிடம் முன்கூட்டியே தள்ளினேன்.

அவள் அரையிறுதியில் தோற்றாள். பழையபடி மாற்றிக்கொள்ளலாமா என்று அவரிடம் கேட்டேன்.

"உங்க ஆளு தோத்ததுக்கு நான் என்னங்க பண்றது? ஞாயித்துக்கிழமை மச்சினிச்சி கல்யாணம். போகலைன்னா வீட்ல சோறு கிடைக்காது."

சனிக்கிழமை மத்திகிரி வீட்டில் டிவி முன் உட்கார்ந்தேன். வேறு இருவர் நன்றாகவே ஆடினார்கள். முதல் செட்டோடு அணைத்துவிட்டு, மறுநாளுக்கான யூனிபார்மைத் துவைத்தேன்.