ஆமி போட்ட பாலம்

1987 மே மாதம், ஒரு வெள்ளிக்கிழமை இரவு ஹம்பேர்க்கில் ரயில் ஏறினேன். தங்கை மலருக்கு நிறைமாதம். அவளையும் கணவர் சிவத்தையும் ஒஸ்திரிய எல்லையோரம், மலைக்கிராமம் ஒன்றில் அகதிகளுக்கான பழைய விடுதியில் தங்கவைத்திருந்தார்கள். பனி உருகி வந்த வெள்ளம் அங்கிருந்த பாலத்தைக் கொண்டுபோய்விட்டது. ஆஸ்பத்திரி ஆற்றுக்கு இந்தப் பக்கம்.

"மற்றப் பாதை ஒஸ்திரியாவுக்குள்ளாலை போகுது, அக்கா. எங்கடை அகதிக் கடதாசியோடை எல்லை தாண்ட ஏலாது" என்று சிவம் தொலைபேசியில் சொல்லியிருந்தார்.

சனி காலை மியூனிக். பிறகு ரோசன்ஹைம். அங்கிருந்து நாற்பது கிலோமீற்றர் பஸ்ஸில், ஆறு மார்க். ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம். வீதியில் சரிந்த கற்களை அள்ளி முடிக்கும்வரை இரண்டு இடங்களில் நின்றோம்.

"புதுப்பாலம் மத்தியானம் முடிந்துவிடும்" என்றார் சாரதி. யார் கட்டுகிறார்கள் என்று நான் கேட்கவில்லை.

கடைசித் தரிப்பில் இறங்கினால், ஊரில்போலவே பச்சை உடுப்பில் ஆமிக்காரர். என் கால்கள் என்னைக் கேட்காமலே பஸ் கொட்டகைக்குப் பின்னால் போய்விட்டன.

அங்கே நின்றுதான் பார்த்தேன். இரும்புச் சட்டங்களைத் தோளில் சுமந்து வந்து, ஒன்றோடொன்று இரும்பாணி செருகிப் பொருத்தி, உருளைகளின் மேல் வைத்து அக்கரைக்குத் தள்ளினார்கள். மேலே பலகை அடுக்கினார்கள். பிறகு பாரம் தாங்குமா என்று பார்க்க, கல் நிரப்பிய லொறி ஒன்று ஊர்ந்து போனது. அவர்களின் அதிகாரி ஈரக்கரையில் குப்புறப் படுத்து, பாலத்தின் அடிப்பக்கத்தைப் பார்த்தார். எழும்பி, வரலாம் என்று அக்கரையைப் பார்த்துக் கையசைத்தார்.

அக்கரையில் மரங்களுக்கிடையே வயிற்றைப் பிடித்தபடி மலர் தெரிந்தாள். சிவம் அவளைப் பின்னுக்கு இழுத்தார்.

மலருக்கு வந்த அம்புலன்ஸ் இக்கரையில் காத்துக்கொண்டிருந்தது. அதிகாரி என்னிடம் வந்து, "ஏன் அந்தப் பெண் வரவில்லை?" என்று கேட்டார்.

எனக்குத் தெரிந்த ஜெர்மனில், "உங்களைப் பார்த்துப் பயம்" என்றேன். எனக்கும் என்று சொல்லவில்லை.

அவர் தன் உடுப்பைக் குனிந்து பார்த்தார். பிறகு தன் ஆட்கள் எல்லோரையும் பாலத்தைவிட்டு இறக்கிப் புல்லில் உட்காரவைத்தார். அவர்கள் பாண் ரொட்டியை எடுத்துச் சாப்பிடத் தொடங்கினார்கள். "நீங்கள் போங்கள்" என்றார்.

தனியாக நடந்தேன். கீழே ஆறு இரைந்தது.

"அக்கா, ஆமிக்குள்ளாலையோ வாறியள்? நீங்களோ?" என்றாள் மலர். "இவர் என்னை மரத்துக்குப் பின்னாலை பெறச் சொல்லுறார்."

"ஆமி பாலத்திலை நிண்டால் நான் என்ன செய்ய?" என்றார் சிவம்.

"அவங்கள் சாப்பிடுறாங்கள், தம்பி. வாங்கோ."

மலரை நடுவில் பிடித்துக்கொண்டு வந்தோம். இக்கரை வந்ததும், யாரும் கேளாமலே, ஊர்ப் பழக்கத்தில், சிவம் அடையாள அட்டையை எடுத்து முன்னால் இருந்த ஆமிப் பொடியனிடம் நீட்டினார். வாய் நிறையப் பாணோடு இருந்த அவனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. தன்னிடமிருந்த பாணில் ஒரு துண்டை நீட்டினான். மலருக்கு நோவிலும் சிரிப்பு வந்துவிட்டது.

அன்று மாலை பெண் பிள்ளை பிறந்தது. தாயும் பிள்ளையும் சுகம்.

செவ்வாய்க்கிழமை நான் விடைபெறும்போது சிவம் கேட்டார்: "பிள்ளையோடை திரும்பிப் போகேக்கை அவங்கள் பாலத்தடியிலை நிப்பாங்களோ?"

"இல்லையாம். வேலை முடிஞ்சு போயிட்டாங்களாம்."

"போயிட்டாங்களோ" என்றார். முகம் வாடிவிட்டது. "பிள்ளையைக் காட்டியிருக்கலாம்."

ஊரில் பாலத்தில் ஆமி நின்றால் தோட்டங்களுக்குள்ளால் சுற்றிப் போவோம். போய்விட்டார்கள் என்றால்தான் மூச்சு விடுவோம். ஆமி போய்விட்டதே என்று எங்கள் ஆள் ஒருவர் கவலைப்பட்டதை அன்றுதான் கேட்டேன்.