முதல் நாற்று முடி

ஸ்ரீவைகுண்டம் பேருந்தில் இன்று யாரோ ஏற்றிவந்த நாற்று முடிகளின் சேற்று வாசனை, வீட்டுமனைகளாகிவிட்ட எங்கள் வயலுக்கே என்னைக் கொண்டுபோய்விட்டது. அது 1990 பிசானப் பருவத்து நெல் நடவு. ஐப்பசியா கார்த்திகையா என்பதில்தான் சந்தேகம். சுமங்கலிதான் முதல் முடியை நட வேண்டும் என்பது எங்கள் வழக்கம். குலவைச் சத்தத்துக்கும் சேறு மிதிபடும் சத்தத்துக்கும் நடுவே, இலங்கை அகதி முகாமிலிருந்து வேலைக்கு வந்திருந்த செல்வி அதற்குக் கை நீட்டினாள்.

“ஏம்மா, நீ தொடாத. வெறுங்கழுத்தோடல்லா நிக்க,” என்றாள் அம்மா.

“அவர் ஊரில உயிரோட இருக்கிறார் அக்கா. படகுக் காசுக்குத் தாலியை வித்துப்போட்டன்.”

“ஆமா, நாங்க போயி பாத்தோமாக்கும்,” என்றாள் ஒருத்தி. வயலே சிரித்தது. அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றும் உடம்பு கூசுகிறது.

மறு பிசானத்துக்குச் செல்வி மஞ்சள் கயிறு கட்டி வந்தாள். கணவரிடமிருந்து ஒரு தகவலும் இல்லை என்பது எல்லோருக்கும் தெரியும். இருந்தும் கயிற்றைக் கண்டதும் அம்மா தானே முதல் முடியை எடுத்து நீட்டினாள்.

“கயிறுதான் அக்கா புதுசு. அவர் போன வருசமும் உயிரோடதான் இருந்தவர்,” என்று சொல்லிவிட்டு, செல்வி கடைசி வரிசைக்கு நடந்தாள்.

நீட்டிய அம்மாவின் கையிலிருந்து சேற்றுத் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.