அம்மா கழித்த சுருட்டுகள்

காதோரம் வைத்து விரல்களுக்கிடையே மெல்ல உருட்டும்போது நல்ல சுருட்டு லேசாக முனகும். சருகு மாதிரி நொறுங்கினால் அது காய்ந்துபோன பண்டம், சத்தமே வராவிட்டால் ஈரம் ஏறியது. அமுக்கினால் சற்று உள்வாங்கிப் பழையபடி எழும்ப வேண்டும், மேலிலையில் தடித்த நரம்பு ஓடக்கூடாது, பற்றவைத்தால் சுற்றிவர ஒரேயளவாக எரிந்து, வெள்ளைச் சாம்பல் உதிராமல் நிற்க வேண்டும். மண்டூரில் எங்கள் வீட்டில் இதெல்லாம் அப்பாவின் ஓயாத பேச்சு. அம்மாவுக்கோ அந்த வாடையே ஆகாது. "வீடெல்லாம் நாறுது, வெளியில கொண்டுபோய் ஊதுங்க" என்று அவரை வேலியோரம் துரத்துவாள்.

சண்டைக் காலத்தில் ஒரு காலை, வாவியைக் கடக்கத் துறைக்குப் போன அப்பாவை இராணுவத்தார் சுற்றிவளைப்பில் பிடித்து ஏற்றிக்கொண்டு போனார்கள். அதன்பிறகு அம்மா போகாத முகாம் இல்லை. எல்லா வாசலிலும் ஒரே பதில்தான்: அப்படியொருவர் இங்கே இல்லை.

வருடம் திரும்பியதும் அப்பாவின் தமையன், பழுகாமத்துப் பெரியப்பா, வந்து தலையைக் குனிந்தபடி சொன்னார்: "அவன் பசியோட திரியிறான் புள்ள. திவசத்தக் குடுத்திருவம்." இறந்தவர் ஆசைப்பட்டுத் தின்றது, குடித்தது எல்லாவற்றையும் வாழையிலையில் படைப்பது எங்கள் பக்கத்து வழக்கம், அப்பாவுக்கென்றால் சுருட்டில்லாமல் படையலில்லை. அம்மா மறுக்கவில்லை. "நல்ல சுருட்டாக் கொண்டு வாங்க அத்தான், பிறகு பாப்பம்" என்றாள்.

யாழ்ப்பாணத்துச் சுருட்டு வரும் பாதை அப்போது மூடிக் கிடந்தது. சோதனைச் சாவடி தோறும் இறங்கி ஏறி, எங்கெங்கோ அலைந்து பெரியப்பா கொண்டுவந்ததையெல்லாம் அம்மா உருட்டினாள், அமுக்கினாள், முகர்ந்தாள். "நரம்பப் பாருங்க, கயிறு மாதிரி" என்று ஒன்றைக் கழித்தாள். இன்னொன்றை அடுப்பில் பற்றவைத்து, இழுத்து, கண்ணில் நீர் முட்ட இருமி, "சாம்பல் கறுப்பு, இத அவர் தொடமாட்டார்" என்றாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உப்புச் சப்பில்லாத சோற்றை முகம் சுளிக்காமல் தின்கிற அம்மாவுக்கு இதில் மட்டும் எங்கிருந்து வந்தது இவ்வளவு நொட்டை? பெரியப்பா சட்டென்று கோபப்படுகிற மனிதர். ஆனாலும் அடுத்ததைத் தேடிப் போவார்.

பாதை கொஞ்ச நாள் திறந்தபோது ஒன்று கொண்டுவந்தார். அம்மா காதோரம் உருட்டினாள். பக்கத்திலிருந்த எனக்கும் அந்த முனகல் கேட்டது. அமுக்கினாள், எழும்பியது. பற்றவைத்தாள். சாம்பல் வெள்ளையாக நீண்டு, விழாமல் நின்றது. வீடு முழுக்க அப்பாவின் வாடை.

"நல்லதுதான் அத்தான்" என்றாள் அம்மா. "ஆனா நான் குடுக்கமாட்டன். குடுத்தா அவர் செத்திருவார்."

பெரியப்பா சால்வையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதார். அதற்குப் பிறகு அவர் திவசப் பேச்சே எடுக்கவில்லை.

இப்போது எங்கள் பக்கத்துக் கடைகளில் சுருட்டே இல்லை, கேட்டு வருபவர்களும் இல்லை. பெரியப்பாவும் போய்விட்டார். அம்மா பொட்டோடுதான் போனாள். போன வருடம் அவளுக்குத் திவசம் கொடுத்தபோது, அப்பா போகையில் கைக்குழந்தையாக இருந்த தம்பி, அவருக்கும் சேர்த்து ஓர் இலை போடுவோமா என்று கேட்டான். கேட்டதில் பிழையில்லை. இருந்தால் அப்பாவுக்கு வயது எண்பதைத் தாண்டியிருக்கும்.

"இன்னும் கொஞ்சம் பாப்பம் தம்பி" என்றேன்.