இடக்கைக்காரியின் ஆறு நிமிடங்கள்

பாண்டுங் நகரில் இசைக்குழு வைத்திருப்பவர்கள் எல்லோருக்கும் வெனிங்கைத் தெரியும். வாசிப்புக்காக அல்ல, வாசிப்பு சுமார்தான். மேடையில் அடுத்தவர் நேரத்தைத் தின்னாதவள் என்பதற்காக.

அவள் இடக்கைக்காரி. உண்ணவும் கொடுக்கவும் வலக்கையைப் பழக்கிவிட்டார்கள் வீட்டில். டிரம்ஸ் மட்டும் இடக்கையிலேயே நின்றுவிட்டது. ஒரே டிரம்ஸில் எட்டுக் குழுக்கள் மாறி மாறி வாசிக்கும் மேடைகளில் அது பெரிய தொல்லை. அவள் உட்காருமுன் தாளத்தட்டு, பெடல், மைக் எல்லாம் இடவலமாக மாற வேண்டும். எழுந்தபின் திரும்பப் பழைய இடத்துக்குப் போக வேண்டும். மாற்ற ஐந்து நிமிடம், திருப்ப ஐந்து நிமிடம். பனியன் அச்சடிக்கும் பட்டறையில் வேலை முடிந்து வந்ததும் கடிகாரத்தை எதிரே வைத்துப் பழகித்தான் அந்த ஐந்துக்கு வந்திருந்தாள். பழைய இடங்களை விரிப்பில் சிவப்பு டேப் ஒட்டிக் குறித்துக்கொள்வாள். அடுத்தவனுக்கு ஒரு விரற்கடைகூடப் பிசகக் கூடாது. முப்பத்துமூன்று வயதிலும், மேடையேறும் நாளில் காலையிலிருந்தே அவள் கால் ஓரிடத்தில் தரிக்காது.

அந்த ஞாயிறு இன்னும் மோசம். பதினோரு வருடமாக அவள் குழுவில் பாடிய யயன், செவ்வாயன்று கப்பல் வேலைக்குப் போகிறான். கடைசிப் பாட்டு அவனே எழுதியது. ஐந்து இருபதுக்கு ஏற வேண்டும். ஐந்து ஐம்பதுக்கு மஃரிப் பாங்கு, அந்தித் தொழுகைக்கான அழைப்பு. பாங்கு கேட்டதும் மேடை அடங்கிவிடும்.

ஐந்து இருபத்தைந்தாகியும் முந்தைய குழு இறங்கவில்லை. “இன்னும் ஒண்ணு?” என்று கூட்டத்தைக் கேட்டுக்கொண்டிருந்தது.

“காங், இறக்குங்க அவனுங்கள,” என்றாள் மேடைப் பொறுப்பாளர் தாதாங்கிடம். அங்கே அண்ணன் ‘காங்’, அக்கா ‘தேத்தே’.

“கை காட்டிக் காட்டி என் தோளே போச்சு. தேத்தே, இன்னிக்கு ஒரு நாள் வலக்கையில அடிச்சிரேன்.”

“நீங்க இன்னிக்கு ஒரு நாள் இடக்கையில சாப்பிடுங்க. நானும் அடிக்கிறேன்.”

இறங்கியபின்னும் அவர்களுடைய டிரம்ஸ்காரன் மேடையிலேயே உட்கார்ந்து தன் சொந்தத் தாளத்தட்டுகளைக் கழற்றி, துடைத்து, பையில் போட்டான். முதலில் எல்லாவற்றையும் கீழே தூக்கிக்கொண்டு போய், அங்கே கழற்றுவதுதான் வழக்கம். வெனிங் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். பிறர் பொருளைக் கேட்காமல் தொடுவதும் வழக்கமில்லை.

ஐந்து முப்பத்தொன்பதுக்குத் தொடங்கினார்கள். இரண்டு பாட்டை விட்டுவிட்டார்கள். கடைசிப் பாட்டின் கடைசிச் சரணத்துக்கு முன் பாங்கு எழுந்தது. வெனிங்கின் ஓங்கிய கை ஓங்கியபடியே நின்றது. யயன் வாயை மூடிக்கொண்டான்.

அடுத்த குழுவின் டிரம்ஸ்காரன் ஒக்கி படியேறி வந்தான். “தேத்தே, தொழுகை முடிஞ்சதும் அந்தச் சரணத்த முடிச்சிருங்க. ஒரு நிமிஷந்தானே, எங்க நேரத்துல எடுத்துக்கங்க.” சொல்லிவிட்டுத் தொழப் போய்விட்டான்.

யயன் முகம் மலர்ந்தது. வெனிங் மட்டும் கணக்கை உடனே போட்டுவிட்டாள். தொழுகை இடைவேளையில் இப்போதே திருப்பிவிட்டால் யார் நேரமும் போகாது; சரணம் வாசிப்பதென்றால், அது முடியும்வரை டிரம்ஸ் இடக்கையிலேயே இருக்க வேண்டும். திருப்பும் ஐந்து நிமிடமும் ஒக்கியின் தலையில்தான் விழும். அது அவனுக்குத் தெரியாது. சொன்னாலோ, கொடுத்ததைத் திரும்பக் கேட்க அவனுக்கு வாய் வராது.

அவள் தாளத்தட்டின் திருகைத் தளர்த்தினாள்.

“என்ன பண்றே நிங்? ஒரே ஒரு நிமிஷந்தானே!” என்றான் யயன்.

“உனக்கு ஒண்ணு. அவனுக்கு ஆறு.”

“அவனாத்தானே குடுத்தான்?”

“தெரியாமக் குடுத்தான்.”

“பதினோரு வருஷத்துக்கு அப்புறம் பாதிப் பாட்டோட போறேன். நீ உன் டேப்பக் கட்டிக்கிட்டு அழு.”

அவள் டிரம்ஸின் ஒவ்வொரு தாங்குகாலையும் சிவப்பு டேப்பின்மேல் கொண்டுவந்து வைத்தாள். நான்கே நிமிடம் ஆனது. இதுவரை அவ்வளவு வேகமாகச் செய்ததில்லை.

தொழுகை முடிந்தது. ஒக்கி வந்து உட்கார்ந்தான். அவனுடைய கிட்டார்காரன் மட்டும் இறைச்சி உருண்டை விற்கும் பக்சோக் கடையிலிருந்து வந்து சேரவில்லை. மேடை ஏழு நிமிடம் சும்மா கிடந்தது.

கீழே யயன் காலி மேடையைப் பார்த்தான், பிறகு ஒருமுறை வெனிங்கைப் பார்த்தான். அவள் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இடக்கால் மட்டும், அங்கே இல்லாத பெடலை மிதித்து மிதித்து, அந்தச் சரணத்தைத் திரும்பத் திரும்ப முடித்துக்கொண்டிருந்தது.