போக, வர இருநூற்று இருபது

என் மனைவிக்கு டீசல் வாடை ஆகாது. பஸ்ஸில் உட்கார்ந்தால் விருதுநகர் வருவதற்குள் குடலே வெளியே வந்துவிடும். பெட்ரோல் காரும் அப்படித்தான். எலுமிச்சம்பழம், புளிப்பு மிட்டாய், டாக்டர் கொடுத்த மாத்திரை, எதற்கும் அது அடங்கவில்லை. டி. கல்லுப்பட்டியில் இருந்து என் ஸ்கூட்டர் போகிற தூரம்தான் அவள் உலகம்.

அவளுடன் பிறந்தது ஒரே அக்கா. சாயல்குடிப் பக்கம் ரயில் போகாத ஒரு கிராமத்தில் வாழ்க்கைப்பட்டவர். முன்பெல்லாம் அக்காதான் வந்து போவார். பக்கவாதம் வந்து படுத்தபின் அதுவும் நின்றுபோனது. தினமும் சாயங்காலம் வீடியோ காலில் இருவரும் முகம் பார்த்துக்கொள்வார்கள். அக்காவுக்கு வாய் குழறும், இவள் பாதியைப் புரிந்துகொண்டு மீதியைத் தானே சொல்வாள்.

ஒருநாள் எங்கள் பள்ளிக்கூடத்து ஆசிரியர் ஒருவர் எலெக்ட்ரிக் கார் வாங்கினார். அதில் என் மனைவியை ஏற்றிக்கொண்டு பேரையூர் வரை போய் வந்தோம். கண்ணாடியை ஏற்றிவிட்டு, கைக்குட்டை இல்லாமல், சோளக்காட்டைப் பார்த்தபடி வந்தாள். வீட்டு வாசலில் இறங்கியதும் கேட்டாள்:

"வாடையே இல்லங்க. இதுல போனா நான் அக்காளப் பாத்துட்டு வந்துருவேன்ல?"

அன்றைக்கு அவள் முகத்தில் இருந்த சந்தோஷத்தை நான் பார்த்தேன். பார்த்த பிறகும்தான் இத்தனையும் செய்தேன்.

நான் கணக்கு வாத்தியார். போக நூற்றுப் பத்து கிலோமீட்டர், வர நூற்றுப் பத்து. வழியில் சார்ஜ் போட இடம் கிடையாது. எங்கள் கைக்கு எட்டுகிற விலையில் அப்போது இருந்த கார், ஏசி போட்டால் திரும்பி வந்து சேராது என்றார்கள். பெரிய பேட்டரி வண்டியோ எட்டாத விலை.

அந்தச் சமயத்தில் மதுரையில் ஒரு கல்யாணம். அக்கா வர முடியாததால் அவர் கணவர், என் சகலை, தனியாக வந்திருந்தார். பெரிய டீசல் வண்டி வைத்திருப்பவர். பந்தியில் பத்துப் பேருக்கு நடுவில் என்னைப் பார்த்து, "தம்பி பொம்மைக் காரு வாங்கப் போறாராம்ல. இனி நம்ம வீட்டுக்கு வந்தா சோறும் போடணும், கரண்டும் குடுக்கணும்ப்பா" என்று சிரித்தார். எல்லோரும் சிரித்தார்கள். சகலைகளுக்குள் கேலி பேசுவது வழக்கம்தான், மற்ற நாளில் நானும் பேசுவேன். அன்று ஏனோ பாதியிலேயே இலையை மூடிவிட்டு எழுந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் வராததுமாக அவள் மெதுவாகக் கேட்டாள். "சின்ன வண்டியே போதுங்க. அக்கா வீட்டுல ஒரு பிளக் பாயிண்ட் இல்லாமயா போச்சு? ஒரு ராத்திரி தங்கிட்டு, சார்ஜ் போட்டுட்டு வருவோம்."

கத்திவிட்டேன். "அந்த ஆளு வீட்டுக் கரண்டுல என் வண்டி ஓட வேண்டாம். போய்த் திரும்புற மாதிரி வண்டி வரட்டும், வாங்குவோம்."

அதன்பின் அவள் கேட்கவில்லை.

வண்டி வரத்தான் செய்தது. அந்த இரண்டு வருடம் கார் கம்பெனிகளுக்குள் நடந்த போட்டியை என்னைப் போல் யாரும் கண்கொத்திப் பாம்பாகப் பார்த்திருக்க மாட்டார்கள். ஒருவன் முந்நூறு ஓடும் என்றால், அடுத்தவன் நானூறு என்றான். ஒருவன் விலையைக் குறைத்தான், இன்னொருவன் பேட்டரியை வாடகைக்குத் தருகிறேன் என்று வந்தான். மதுரை பைபாஸ் ரோட்டு ஷோரூம்களில் எனக்கு டீ வாங்கிக் கொடுத்தே அலுத்துப் போனார்கள். இருநூற்று இருபதைத் தாராளமாகத் தாண்டுகிற வண்டி முதல் வருடமே என் கைக்கு எட்டிவிட்டது. ஆனால் ஆறு மாதம் பொறுத்தால் அதே விலைக்கு இன்னும் ஐம்பது கிலோமீட்டர் கூடக் கிடைக்குமே. பாதிக்கு மேல் பேட்டரி மிச்சமிருக்க சகலை வாசலில் இறங்கி, அலட்சியமாகத் திரும்பி வர வேண்டும் எனக்கு. ஒருமுறை புக்கிங் பண்ணப் போய், புது மாடல் வரப்போகிறது என்று யாரோ சொல்ல, வெறுங்கையோடு திரும்பினேன். "அடுத்த மாசம்" என்றேன். "சரிங்க" என்றாள். பொறுக்கிறவனுக்கு லாபம் என்று என் கணக்கு சொன்னது. அக்காவின் உடம்பை நான் அந்தக் கணக்கில் சேர்க்கவே இல்லை.

போன வைகாசியில் ஒரு காலை போன் வந்தது. அக்கா போய்விட்டார்.

எலெக்ட்ரிக் கார் வைத்திருந்த ஆசிரியர் லீவுக்குக் காரோடு வெளியூர் போயிருந்தார். வாடகைக்கு ஒரு டீசல் கார்தான் கிடைத்தது. பெற்றவர்களும் இல்லை, அண்ணன் தம்பியும் இல்லை, எனவே பிறந்த வீட்டுக் கோடியை என் மனைவிதான் கொண்டு போக வேண்டும். அந்தப் புதுச்சேலையைப் போர்த்தாமல் எடுக்க மாட்டார்கள். அருப்புக்கோட்டை தாண்டுவதற்குள் நான்கு இடத்தில் நிறுத்தினோம். அழவும் முடியாமல், வாந்தியும் நிற்காமல், சேலைப் பையை மட்டும் தெறிக்காமல் ஒரு கையால் உயரத் தூக்கிக்கொண்டு ரோட்டோரம் குனிந்து நின்றாள். அங்கிருந்து போன் மேல் போன். "எங்க வந்துட்டீக? நேரமாகுது." நான் அவள் முதுகைத் தடவிக்கொண்டிருந்தேன். வேறு என்ன செய்ய?

காத்திருந்தார்கள். வாசல் குழாயில் வாயைக் கொப்பளித்துவிட்டு உள்ளே போய் அக்காவுக்குக் கோடி போர்த்தினாள். கன்னத்தைத் தொட்டாள். மூன்று வருடத்துக்குப் பிறகு அக்காவைத் தொட்டது அப்போதுதான்.

சுடுகாட்டிலிருந்து திரும்பியபோது கேட்டுக்குப் பக்கத்துச் சுவரில் அதைப் பார்த்தேன். மழை படாமல் தகர மூடி போட்ட, பெரிய பிளக் பாயிண்ட். ஒருநாளும் யாரும் எதையும் செருகாதது. சகலை பக்கத்தில் வந்து நின்றார்.

"உங்க மதினிதான் தம்பி போடச் சொன்னா. தங்கச்சி கார்ல வாரா, சார்ஜ் போடணும்னு அந்தக் குழறுன வாயோட ஒரே நச்சரிப்பு. அந்தக் கல்யாணத்துக்கு மொத வாரந்தான் தனியா வயர் இழுத்துப் போட்டேன்."

பந்தியில் அவர் சொன்னது கேலி இல்லை, அழைப்பு. எனக்குத்தான் காது கேட்கவில்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்தபின் என் மனைவியிடம் அதைச் சொல்லிவிட்டேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள் நிமிரவில்லை.

"தெரியும். மாட்டுன அன்னைக்கே போட்டோ அனுப்புனா. அதப் பாத்துட்டுத்தான் உங்ககிட்ட கேட்டேன்."

"எங்கிட்டச் சொல்லிருக்கலாம்ல?"

"நீங்க கத்துன கத்துல எப்புடிச் சொல்ல? மச்சான் வீட்டுக்கு வர மாட்டேங்குறீகன்னு அக்காட்டயும் சொல்ல முடியல. வண்டி இன்னும் வரலக்கான்னே சொல்லிக்கிட்டு இருந்தேன். சாகுறதுக்கு மொத நாளு கூடக் கேட்டா, வண்டி வந்துருச்சான்னு."