கூடைக்குப் பக்கத்தில் விட்ட சப்பாத்து

எட்டு மாதம் வேலையில்லாமல் இருந்தபின் ஆற்றுக்கு அக்கரையில், லொங்குய்யில் ஒரு கந்தோரில் நேர்முகப் பரீட்சைக்குக் கூப்பிட்டிருந்தார்கள். மூன்று மணிக்கு. நான் பாதி வழியில் திரும்பிவிடுவேன் என்ற சந்தேகத்தில் மனைவியும் கூடவே வந்தாள். அதே சந்தேகத்தில் இரண்டு மணி நேரம் முந்தியே கிளப்பியும் விட்டாள். மெத்ரோ ஏற நேரமிருந்தது, வெளியே தை மாதக் குளிர். எதிரே ஒரு பழைய கல் கட்டடம், அனுமதி இலவசம் என்று பலகை. இலவசம் என்றால் எனக்குப் பயம். அவள் உள்ளே போய்விட்டாள்.

கன்னியாஸ்திரிகள் யாத்திரிகர்களுக்கும் ஏழைகளுக்குமாக நடத்திய ஆஸ்பத்திரியாம். ஐரோப்பாவின் மத்தியகால ஆஸ்பத்திரிகளைப் பார்த்துக் கட்டியது. நீண்ட கூடம், இரண்டு பக்கமும் கட்டில்கள், கோடியில் பீடம். நோயாளி படுத்தபடியே பூசை காணலாம். ஒரு கட்டிலில் இரண்டு பேரைக் கிடத்துவார்கள் என்று படித்ததை எடுத்துவிட்டேன். மனைவி பீடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சப்பாத்தைக் கழட்டுங்கோ."

"இது மியூசியமப்பா."

"பீடம் இருந்தாக் கோயில்தான். உங்களுக்கு வேலை வேணுமோ, வேண்டாமோ?"

அன்றைக்கென்றே வாங்கிய கறுப்புச் சப்பாத்து. வாசலில் இருந்த பெரிய கூடைக்குப் பக்கத்தில் ஒழுங்காக வைத்தேன். அங்கு நின்ற வயதான பணிப்பெண் இரண்டு தரம் 'மெர்சி' என்று நன்றி சொன்னாள். எதற்கு? சந்தேகம் கூடியது. மனைவி தன்னுடையதைக் கழற்றிக் கையிலேயே வைத்திருந்தாள். அவள் யாரையும் நம்புவதில்லை.

முழந்தாளிட்டு வேண்டிவிட்டுத் திரும்பினால் சப்பாத்தைக் காணோம். சுவரோர நீள வாங்கில் சாய்ந்து தூங்கியவரைச் சந்தேகப்பட்டேன், காவலாளியைச் சந்தேகப்பட்டேன். கடைசியில் பணிப்பெண் விளக்கினாள். கூடை ஏழைகளுக்கான குளிர் உடுப்புக்கு. வண்டி வந்து ஏற்றிக்கொண்டு போய்விட்டது.

"ஏழையளுக்குத்தானே போனது, விடுங்கோ," என்றாள் மனைவி.

"அப்ப நான் ஆர்?"

அந்தக் கேள்வி பணிப்பெண்ணுக்குத் தமிழிலேயே விளங்கியிருக்க வேண்டும். என் காலுறையைப் பார்த்தாள், பெருவிரல் ஓட்டையையும் பார்த்தாள். நிலவறைக்குப் போய் ஒரு சோடி செம்மஞ்சள் பனிச் சப்பாத்துக் கொண்டுவந்தாள். இரண்டு அளவு பெரிது.

அதோடுதான் லொங்குய் போனேன். மூன்று அதிகாரிகள். என் அனுபவத்தைப் பற்றி ஒருவர்கூடத் தோண்டவில்லை, மூவரும் என் காலோடுதான் கதைத்தார்கள். ஒரு கிழமையில் வேலை கிடைத்தது. எதற்காகத் தந்தார்கள் என்று நான் கேட்கத் துணியவில்லை. ஆனால் முதல் நாள் புதுச் சப்பாத்தோடு போனபோது, அந்த மூவரில் ஒருவரான மனேஜர் முதலில் குனிந்து பார்த்தார். பிறகுதான் 'பொன்ஜூர்' சொன்னார்.